மாசானத்தின் தோசை

மாசானத்துக்குத் தோசை சுடக் கற்றுக்கொடுத்தார்கள். மடத்தில் எல்லாரும் வயிறு நிறையத் தோசை தின்றார்கள். மாசானத்துக்கு மட்டும் தோசை சுட வரவில்லை.

கோளாறு அவ்வளவுதான்.

மாசானம் மடத்தில் இருந்தவன். பிறவியிலேயே கை நடுக்கம். கால் ஊன்றாது. சக்கர நாற்காலி. வாய் மட்டும் நன்றாக வேலை செய்யும், கொஞ்சம் அதிகமாகவே.

அவனுக்கென்று ஒரு அறக்கட்டளை பணம் கொடுத்தது. மூன்று பங்கு. சாப்பாட்டுக்கும் துணையாளுக்கும் ஒன்று. நாற்காலிக்கு ஒன்று. தன் காரியத்தைத் தானே செய்யப் பழகுவதற்கு ஒன்று.

பணத்துக்குப் பொறுப்பு ஏகாம்பரம். பேங்கில் ஓய்வு பெற்று, ஞானம் தேடி வந்தவர். மடத்துக் குரு நாச்சியம்மையைவிட வயதில் ரொம்ப மூத்தவர். ஞானம் இன்னும் வரவில்லை. ரசீது மட்டும் ஒழுங்காக வந்தது.

முதல் இரண்டு பங்கும் அவருக்குப் புரிந்தன. மூன்றாவது புரியவில்லை. புரியாததால் பெரிய சமையல்காரரைக் கூட்டிவந்தார். பிச்சையா. கல்யாணச் சமையல். அவர் வார்த்தால் வட்டம் கோணாது.

"பாத்துக்கோ தம்பி. இப்படி ஊத்தி, இப்படி இழுக்கணும்."

"பாத்தாச்சு. கரண்டியக் கொடுங்க அண்ணாச்சி."

கொடுத்தார். அடுப்பு மேடை மாசானத்தின் கழுத்து உயரம். கை நடுங்கியது. மாவு பாதி கல்லில், பாதி தரையில்.

"ஐயையோ, மாவு போச்சே! கொடு இங்க."

பிடுங்கிக்கொண்டார். அதோடு அன்றைய பாடம் முடிந்தது. மறுநாளும் அப்படியே. ஆடி போய் ஆவணி வந்தது. தோசையைப் பற்றி மாசானம் பிரசங்கம் செய்யலாம் என்கிற அளவுக்கு ஆகிவிட்டது. சுடத்தான் தெரியாது.

ஒருநாள் அவன் ஏகாம்பரத்தைப் பிடித்தான்.

"சார், கார்த்திகைக்கு எங்க அண்ணன் வர்றான்."

"வரட்டுமே. நல்லதுதானே."

"என்ன நல்லது? எங்கம்மா வீடு ஊர்ல பூட்டிக் கிடக்கு. நீயா பொங்கித் தின்னு காட்டு, சாவியத் தர்றேன்னான். இல்லேன்னா அவன் வீட்டு மாடி ரூம். என்னைத் தூக்கி மேல வச்சா வச்சதுதான். இறக்க நாலு பேர் வரணும். கீழ மதினி டிவி பாப்பா. மேல நான் சத்தத்தக் கேப்பேன். சாகுற வரைக்கும்."

ஏகாம்பரத்துக்குச் சுருக்கென்றது. நேரே குருவிடம் போனார்.

"அம்மா, அந்த மூணாவது பங்கு எதுக்குன்னு புரியல."

"எதுல செலவாச்சு?"

"பிச்சையா சம்பளம் மட்டும்தான். மாவுகூட வீணாக விடல."

"ஒரு தோசைகூடக் கருகலையா?"

"ஒண்ணுகூட இல்லம்மா." பெருமையாகச் சொன்னார்.

நாச்சியம்மை எழுந்தார். "வாங்க."

சமையலறைக்குப் போனார். அடுப்பை மேடையிலிருந்து இறக்கிப் பெஞ்சில் வைக்கச் சொன்னார். மாசானத்தை அதன் முன்னால் கொண்டுவரச் சொன்னார்.

"பிச்சையா, வெளிய வாங்க."

"அடுப்பு எரியுதும்மா."

"அதுக்குத்தான் அடுப்பு."

பிச்சையா வெளியே வந்தார். நாச்சியம்மை ஒரு வாளித் தண்ணீரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, உள்ளே பார்த்தபடி நிலைப்படியில் உட்கார்ந்தார். அவரைத் தாண்டி யாரும் உள்ளே போக முடியாது.

உள்ளே கரண்டி விழுந்தது. பிச்சையா துள்ளினார். புகை வந்தது. பிச்சையா வாயில் துண்டைத் திணித்துக்கொண்டார்.

"கையை எங்க வைக்கிறதுன்னே தெரியலம்மா."

"மடியில வைங்க."

"முதல் தோசை!" என்று உள்ளேயிருந்து சத்தம்.

அது தோசை இல்லை. அதற்குப் பெயர் கிடையாது.

"இத என்னம்மா செய்ய?" ஜன்னல் வழியாக வந்த தட்டை ஏகாம்பரம் தள்ளிப் பிடித்துக்கொண்டு நின்றார்.

நாச்சியம்மை கொல்லைப் பக்கம் கை காட்டினார். அங்கே கறுப்பன் நின்றது. மடத்து நாய். எலும்பும் தோலும். போட்டதும் தின்றது. முகம் சுளிக்கவில்லை. ஜன்னலைப் பார்த்து வாலை ஆட்டியது.

மாசானம் எட்டிப் பார்த்தான். "பாத்தீங்களா அண்ணாச்சி! இன்னும் கேக்குறான்!"

மறுபடி ஊற்றினான். கறுப்பன் அதையும் தின்றது. மாவு தீர்ந்தது.

"வாங்கிட்டு வாங்க" என்றார் நாச்சியம்மை.

"எந்தப் பணத்துலம்மா?"

"மூணாவது பங்குல."

"அம்மா, அது நாய்க்குப் போற மாவு."

"ஆமா."

ஏகாம்பரம் பையை எடுத்தார். கடைக்குப் போனார்.

அதற்குப் பிறகு தினமும் புகைதான். ஏகாம்பரம் மாவு சுமந்தார். பிச்சையா நிலைப்படிக்கு வெளியே உட்கார்ந்து வேதனைப்பட்டார். கறுப்பன் தின்றது.

ஒருநாள் மாசானம் கரண்டியைத் தூர வைத்தான். முழங்கையை நாற்காலிக் கையில் அழுத்திக்கொண்டு, டம்ளரால் மாவை மொண்டு கல்லின் நடுவில் கவிழ்த்தான். இழுக்கவில்லை. அதுவாகப் பரவியது.

"டம்ளர்ல யாராவது தோசை ஊத்துவானா?" பிச்சையா கத்தினார்.

"நான் ஊத்துவேன் அண்ணாச்சி."

"பிச்சையாகிட்ட படிச்சேன்னு எங்கயும் சொல்லிராத!"

"சொல்லவே மாட்டேன்."

ஐப்பசியில் ஒரு காலை கறுப்பன் ஜன்னலடியில் வந்து நின்றது. ஒன்றும் விழவில்லை. குரைத்துப் பார்த்தது. அப்போதும் விழவில்லை.

உள்ளே மாசானம் தின்றுகொண்டிருந்தான்.

கார்த்திகைக்கு அண்ணன் இசக்கியப்பன் வந்தான். மாசானம் அடுப்பைப் பற்றவைத்தான். கை நடுங்கியது.

"ஏலே, சுட்டுக்கிடாத. கொடு, நான்…"

"உக்காருங்க" என்றார் நாச்சியம்மை. உட்கார்ந்தான்.

தோசை தடியாக இருந்தது. ஒரு பக்கம் கோணல். ஓரத்தில் கருக்கல். மாசானமே திருப்பினான். மாசானமே எடுத்தான். அண்ணன் தட்டில் போட்டான்.

இசக்கியப்பன் முழுவதையும் தின்றான். கை கழுவி வந்தான். சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்துத் தம்பி மடியில் வைத்தான்.

"யாருல உனக்குக் கத்துக்கொடுத்தது?"

பிச்சையா தோள் துண்டைச் சரிசெய்தார். ஏகாம்பரம் லேசாகத் தொண்டையைச் செருமினார். மாசானம் இருவரையும் பார்த்தான். பிறகு குருவைப் பார்த்தான்.

நாச்சியம்மை கொல்லைப் பக்கம் திரும்பினார். அங்கே வெயிலில், எழுந்திருக்க முடியாத அளவுக்குக் கொழுத்துப்போய், ஒன்று படுத்திருந்தது.

"கறுப்பன்" என்றார்.