மடித்து வைத்த துணி

உலோகவியல் பேராசிரியர் தாமோதரன் ஓய்வுபெற்ற பிறகு சிஷ்யராகச் சேர்ந்தார். குரு, சிங்காநல்லூரில் பழைய கார்களைப் பழுதுபார்க்கும் ரெஜினா. குருவுக்கு வயது முப்பத்திரண்டு, சிஷ்யருக்கு அறுபத்துமூன்று. முதல் நாள் "குருவே" என்று கூப்பிட்டுப் பார்த்தார். அவள் திரும்பிப் பார்த்த பார்வையில் "அம்மா"வுக்கு மாறிக்கொண்டார்.

அன்று காலை பத்து மணிக்கு டாக்டர் செல்லையா தன் அப்பா காலத்துக் காரை எடுக்க வருவதாக இருந்தது. அவர் மகள் அதில்தான் கல்யாண மண்டபத்துக்குப் போகிறாள். அதன் இரண்டு கார்புரேட்டர்களுக்கும் பெட்ரோல் குழாயை முந்தைய நாள் தனியாக மாட்டியவர் பேராசிரியர்.

ஒன்பது மணிக்கு ரெஜினா பானெட்டைத் திறந்தாள். குழாயைப் பிடித்திருக்கும் போல்ட்டின் அடியில் ஒரு சொட்டு. நேர் கீழே புகைக்குழாய். வண்டி ஓடினால் அடுப்பாகக் கொதிப்பது.

"நேத்து ஒழுகலீங்களா சார்?"

"இல்லம்மா." நினைத்ததைவிட வேகமாக வந்துவிட்டது பதில்.

அவள் போல்ட்டைக் கழற்றினாள். உள்ளேயிருந்த இரண்டு செம்பு வாஷர்களையும் கொல்லைப்புறத்துக்குக் கொண்டுபோய், டீ அடுப்பில் சிவக்கக் காய்ச்சி, தண்ணீரில் போட்டாள்.

"இது எதுக்குன்னு சொல்லுங்க சார்."

"அழுத்த அழுத்தச் செம்பு இறுகிடும். காய்ச்சினா மறுபடி இளகும். அப்பத்தான் படிஞ்சு அடைக்கும்."

முப்பத்தோரு வருஷம் நடத்திய பாடம். கரும்பலகையில் ஒரு சொட்டுகூட ஒழுகியதில்லை.

"நேத்து காய்ச்சுனீங்களா?"

"மறந்துட்டேன்."

"ஒழுகுனப்ப?"

"இறுக்கினேன்."

"அப்புறம்?"

"இன்னும் இறுக்கினேன்."

"அப்புறம்?"

பேராசிரியர் அடுப்பைப் பார்த்தார். அவர் முகம் அதைவிடச் சூடாக இருந்தது.

"உங்களுக்கு எப்படித் தெரிஞ்சதும்மா?"

அவள் பட்டறைக்குள் கூட்டிவந்து அலமாரியைக் காட்டினாள். கசங்கிக் கிடந்த துணிகளுக்கு நடுவே ஒன்று மட்டும் நாலாக மடித்திருந்தது. பெட்ரோல் வாசம்.

"ஏழு வருஷமா இந்தப் பட்டறையில யாரும் அழுக்குத் துணிய மடிச்சு வெச்சதில்லீங்க."

வாஷர்களை அவர் கையிலேயே கொடுத்தாள். அவரே மாட்டினார். பம்பை ஓடவிட்டு, அவள் போல்ட்டின் அடியில் விரல் வைத்துப் பார்த்தாள். விரல் உலர்ந்தே இருந்தது.

டாக்டர் வந்தார். "எல்லாம் சரிதானே ரெஜினா?"

"சாரைக் கேளுங்க."

பேராசிரியர் வகுப்பில் செருமுவதுபோல் செருமினார். "நேத்து ஒழுகிச்சு டாக்டர். துடைச்சு மறைச்சிட்டேன். இப்பத்தான் சரியாச்சு."

டாக்டர் தானே குனிந்து, அந்த போல்ட்டை வெகுநேரம் பார்த்தார். பிறகு சாவியை வாங்கிக்கொண்டார். "வர்றேன்" என்றது ரெஜினாவிடம் மட்டும்.

கார் தெருமுனை திரும்பும்வரை பேராசிரியர் நிமிரவில்லை.

"எவ்வளவுதாம்மா இறுக்கணும்?"

ரெஜினா அந்தத் துணியை உதறி, மற்ற துணிகளோடு கசக்கிப் போட்டாள்.

"துணி தேடத் தோணுச்சுன்னா நிறுத்திடுங்க சார்."