ஒன்பது கிலோமீட்டர்

நாமக்கல்லில் பழைய கார் வாங்க நினைப்பவர்கள் அமுதவல்லிக்கு ஃபோன் போடுவார்கள். முப்பத்தாறு வயது. பெட்ரோலும் பேட்டரியும் மாறி மாறி இழுக்கும் ஹைபிரிட் வண்டிகளைக் கம்பெனி சர்வீஸில் பன்னிரண்டு வருஷம் பிரித்துப் பூட்டியவள். அவள் வாங்கலாம் என்றால் வாங்குவார்கள். வேண்டாம் என்றால் காரணம்கூடக் கேட்கமாட்டார்கள்.

அவளிடம் தொழில் கற்க வந்தவர் பெரியண்ணன். அவருக்கு ஐம்பத்தேழு. முப்பது வருஷம் லாரிப் பட்டறை வைத்திருந்தவர். தெருமுனையில் வரும் டீசல் என்ஜினின் சத்தத்தை வைத்தே அதற்கு என்ன கோளாறு என்று சொல்லிவிடுவார். ஒருநாள் ஒரு ஹைபிரிட் கார் சத்தமே போடாமல் அவர் பக்கத்தில் வந்து நின்றது. அவருக்குக் கோபம் வந்தது. அடுத்த வாரமே அமுதவல்லியிடம் போனார்.

"எனக்கும் சொல்லிக் குடுங்க அம்மிணி."

"வாங்கண்ணா. அந்த ஸ்டூல எடுத்துப் போட்டுக்கங்க."

ஆறு மாதம் போனது. ஒரு சாயங்காலம் அவர் கேட்டார்.

"ஒரு வண்டிய நம்பலாம்னு கடைசியா எதைப் பார்த்துங்க சொல்றீங்க?"

அமுதவல்லி வண்டியின் கோளாறுகளைப் படிக்கும் ஸ்கேனரை எடுத்து அவர் கையில் கொடுத்தாள்.

"வீட்டுக்குக் கொண்டு போய்ப் பழகுங்க. நாளைக்குப் பதினொரு மணிக்கு ஒரு வண்டி பார்க்கப் போறோம். அங்க பேசிக்கலாம்."

மறுநாள் காலை ஆறரைக்கு அவர் வீட்டு வாசலில் ஒரு வெள்ளைக் கார் வந்து நின்றது. இறங்கியவன் தினகரன். பழைய கார் புரோக்கர். அவனுடைய அப்பா லாரி ஓட்டிய காலத்திலிருந்து இவர் பட்டறைக்கு வாடிக்கை.

"மாமா, மஞ்ச லைட் எரியுது. கொஞ்சம் அழிச்சு விடுங்களேன்."

பெரியண்ணன் ஸ்கேனரைச் செருகினார். வண்டியை இழுக்கும் பெரிய பேட்டரி அளவுக்கு மேல் சூடாகிறது என்று வந்தது. பேட்டரியில் சில செல்கள் தளர்ந்திருக்கின்றன என்று இன்னொன்று வந்தது.

"இது லைட் சமாச்சாரம் இல்லையேப்பா."

"சர்வீஸுக்கு விடத்தான் போறேன் மாமா. அதுவரைக்கும் கண்ணை உறுத்துது. உங்களுக்குத்தான் இப்ப இதெல்லாம் அத்துப்படியாச்சே!"

கடைசியாகச் சொன்னது அவருக்குப் பிடித்திருந்தது. பொத்தானை அழுத்தினார். விளக்கு அணைந்தது.

பதினொரு மணிக்கு அமுதவல்லியோடு பழைய கார் விற்கும் யார்டுக்குள் நுழைந்தபோது அதே வெள்ளைக் கார் கழுவித் துடைத்து நின்றது. தினகரன் அவரைப் பார்த்தான். பார்க்காத மாதிரி அமுதவல்லிக்கு வணக்கம் சொன்னான்.

வாங்க வந்தவள் ஹசீனா, நர்ஸ். கொல்லிமலை ஊர்களுக்குப் போய்க் கர்ப்பிணிகளைக் கவனிப்பவள். வாடகை வண்டி சமயத்தில் கிடைப்பதில்லை என்று சொந்தமாகவே ஒன்று வாங்கத் தேடிக்கொண்டிருந்தாள்.

"நீங்களே பாருங்கண்ணா," என்றாள் அமுதவல்லி.

பெரியண்ணன் ஸ்கேனரைச் செருகினார். என்ன வரும் என்று அவருக்குத் தெரியும்.

"ஒண்ணும் காட்டலைங்க," என்றார்.

ஹசீனாவுக்கு முகம் மலர்ந்தது. அவர் பக்கமே திரும்பினாள்.

"அப்ப எடுத்துக்கலாங்களாண்ணா?"

"அம்மிணி சொல்லுவாங்க."

அமுதவல்லி பின்சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். சீட்டு ஓரத்தில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு சல்லடை மூடி இருந்தது. பேட்டரியைக் குளிர வைக்கும் காற்று அதன் வழியாகத்தான் போகவேண்டும். மூடியைக் கழற்றினாள். உள்ளே நாய் முடி திரிதிரியாக அடைத்திருந்தது. ஒரு கொத்தை இழுத்து வெளியே போட்டாள்.

"இந்த சீட்ல யாருங்க உட்காருவாங்க?"

"வலி வந்தவங்க," என்றாள் ஹசீனா. "எழுபது வளைவு இறங்கணும். போன வருஷம் வாடகைக் கார் பாதியில நின்னு, வளைவுலயே ஒரு பிள்ளை பொறந்துச்சு. டார்ச்சை வாயில கடிச்சுக்கிட்டுத்தான் பார்த்தேன். தாயும் பிள்ளையும் பிழைச்சாங்க. எல்லா நாளும் அப்படி அமையாது."

அமுதவல்லி ஸ்கேனரை வாங்கி இன்னொரு பக்கத்தைத் திறந்தாள். சத்தமாகப் படித்தாள்.

"கோளாறுப் பதிவை அழிச்ச பிறகு ஓடின தூரம், ஒன்பது கிலோமீட்டர்."

தினகரன் சிரித்தான். "சின்ன பேட்டரிய கழட்டி மாட்டினோங்க. அதுல அழிஞ்சிருக்கும்."

"அப்படியும் அழியும்," என்றாள் அமுதவல்லி.

ஸ்கேனரைப் பெரியண்ணன் கையிலேயே திருப்பிக் கொடுத்தாள். ஹசீனா ஒவ்வொருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

பெரியண்ணன் ஸ்கேனரைப் பார்த்தார். அவர் வீட்டிலிருந்து யார்டுக்கு ஒன்பது கிலோமீட்டர்.

"நான்தாங்க அழிச்சேன்," என்றார். "காலைல ஆறரைக்கு. பேட்டரி சூடாகுதுன்னு வந்துச்சு. செல் தளர்ந்திருக்குன்னும் வந்துச்சு. படிச்சுட்டுத்தான் அழிச்சேன்."

"மாமா!" என்றான் தினகரன். "எங்கப்பா முகத்துக்காகவாவது சும்மா இருந்திருக்கலாம்."

அவர் ஸ்கேனரை வண்டியிலிருந்து உருவினார்.

ஹசீனா அவரையே பார்த்தாள். "எடுத்துக்கலாமான்னு உங்ககிட்டத்தானே கேட்டேன்? அப்பவே ஏன் சொல்லலை?"

அவர் கீழே கிடந்த நாய் முடியைப் பார்த்தார்.

அமுதவல்லி காரை விட்டு இறங்கிக் கதவைச் சாத்தினாள். "இது வேண்டாங்க. வேற பார்ப்போம்."

திரும்பும் வழியில் அமுதவல்லி வண்டியை ஓட்டினாள். முதலைப்பட்டி தாண்டியதும் பெரியண்ணன் கேட்டார்.

"உங்களுக்கு முன்னாடியே தெரியுங்களா?"

"எந்த வண்டில எதை அழிச்சோம்னு ஸ்கேனர்லயும் பதிவாகும்ணா. காலைல கிளம்பறதுக்கு முன்னாடி எடுத்துப் பார்த்தேன்."

"நான் சொல்லாம விட்டிருந்தா?"

"வண்டி வேண்டாம்னுதான் சொல்லியிருப்பேன்."

"என்னைப் பத்தி?"

அமுதவல்லி முன்னால் போன முட்டை லாரிக்கு ஹார்ன் அடித்துவிட்டு ஓரமாக முந்தினாள்.

இரண்டு நாள் பெரியண்ணன் வேலைக்கு வரவில்லை. வீட்டில் காரணம் கேட்டபோது வெயில் என்றார். மூன்றாம் நாள் வந்தார். உட்காரவில்லை.

"எனக்கு இந்தத் தொழில் சரிப்படாதுங்க அம்மிணி. கை பழகிடுச்சு. மனசு பழைய பட்டறையிலேயே இருக்கு. தெரிஞ்சவன் வந்து கேட்டா இல்லைன்னு சொல்ல வரமாட்டேங்குது. நான் நின்னுக்கறேன்."

அமுதவல்லி ஒரு காகிதத்தில் விலாசம் எழுதிக்கொண்டிருந்தாள். எழுதி முடித்து அவரிடம் நீட்டினாள்.

"ராசிபுரத்துல ஒரு ஹைபிரிட் வந்திருக்கு. ஒரு டீச்சரம்மா வண்டி. நாளைக்குப் போய்ப் பார்த்துட்டு வாங்க. எனக்கு சேலத்துல வேலை இருக்கு, நீங்க மட்டும் போங்க."

"யாருக்குங்க வண்டி?"

"ஹசீனாவுக்கு."

பெரியண்ணன் காகிதத்தை வாங்கவில்லை.

"அந்தம்மா என் மூஞ்சியப் பார்த்தாலே திரும்பிப் போயிடுவாங்க. நீங்களே ஒரு நாள் பார்த்துப் போயிருங்க. நான் பார்த்ததுன்னு தெரிஞ்சா வாங்கமாட்டாங்க."

"நேத்து ஃபோன் பண்ணாங்கண்ணா," என்றாள் அமுதவல்லி. "அழிச்சது நான்தான்னு சொன்னாரே, அவரை அனுப்புங்கன்னாங்க."