ஆமை முதுகில் எழுதிய மலை

சீன தேசத்து மூங்கில் காடு ஒன்றில் வெள்ளம் புகுந்தது. அன்று காலையில் மேட்டின்மேல் ஒதுங்கி நின்றவர்கள்: குரங்கு ஒன்று, தாய்முயல் ஒன்று, அதன் குட்டிகள் நான்கு, முள்ளெலிகள் இரண்டு, அணில்கள் மூன்று. ஆகப் பதினொன்று.

தண்ணீர் ஏறிக்கொண்டே இருந்தது. எதிரே மலை தெரிந்தது. அங்கே போய்ச் சேர்ந்தால்தான் உயிர் பிழைக்கலாம்.

நல்ல வேளையாக, பெரிய ஆமை ஒன்று நீந்தி வந்தது. அதன் முதுகில் ஒரு தடவைக்கு ஆறு பேர் ஏறலாம். ஆனால் ஆமைக்குக் காது கேட்காது. போகவேண்டிய இடத்தை அதன் ஓட்டின்மேல் விரலால் எழுதிக் காட்ட வேண்டும். கோடு விழ விழ, தொடுவதை வைத்தே அது படித்துவிடும். படித்த உடனே கிளம்பிவிடும்.

அந்தக் காட்டார் அறிந்த எழுத்துகள் இரண்டு. ‘நதி’ என்று எழுத இடமிருந்து வலமாக மூன்று நெடுங்கோடுகள் போட வேண்டும். ‘மலை’ என்று எழுத முதலில் நடுச் சிகரமாக ஒரு நெடுங்கோடு. அடுத்து இடப்பக்கம் இறங்கி, கையை எடுக்காமலே அடிக்கோடு. கடைசியில் வலப்பக்கம் ஒரு கோடு.

முயல் அதை மணலில் நூறு தடவை எழுதிப் பழகியிருந்தது. நூறு தடவையும் கோடுகளின் வரிசை மாறவில்லை. குரங்கோ, மூன்று சிகரங்களையும் வரிசையாக நட்டுவிட்டுக் கடைசியில் அடிக்கோடு இழுக்கும். பார்க்க இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும்.

முதலில் முயலும் குட்டிகளும் ஏறின. ஆறாவதாகக் குரங்கு தாவி ஏறியது. முயல் எழுதுவதற்காகக் காலை ஓட்டின்மேல் வைத்தது.

“தள்ளு, முயலக்கா! நீ எழுதி முடிப்பதற்குள் மீனுக்குப் பேரன் பிறந்துவிடும். நான் எழுதுகிறேன்.”

“நடுக்கோடு முதலில், தம்பி…”

“எந்தக் கோடு முதலில் வந்தால் என்ன? கடைசியில் மலைதானே வரப்போகிறது!”

சண்டை போட முயலுக்குக் கூச்சம். ஒதுங்கிக்கொண்டது.

குரங்கு இடக்கோடு போட்டது. நடுக்கோடு போட்டது. வலக்கோடு போட்டது. அடிக்கோட்டுக்கு விரலைக் கீழே கொண்டுபோவதற்குள் ஆமை கிளம்பிவிட்டது.

“நதிக்குத்தானே? சரி சரி” என்றது ஆமை.

“ஐயோ, நதி இல்லை! மலை!” என்று கத்திக்கொண்டே குரங்கு அடிக்கோட்டை இழுத்தது.

“யாரோ வழுக்குகிறீர்கள் போலிருக்கிறது. கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள்” என்றது ஆமை.

நடுநதியில் மரங்கள் வேரோடு உருண்டு போய்க்கொண்டிருந்தன. குரங்கு பதறி மறுபடியும் எழுதியது. இடம், நடு, வலம்.

“தெரிகிறதப்பா, நதிதானே! இதோ, வேகமாகவே போகிறேன்” என்று ஆமை இன்னும் வேகமாக நீந்தியது.

கடைக்குட்டியின் பின்னங்கால்கள் தண்ணீருக்குள் இறங்கின. முயல் அதன் காதைப் பல்லால் கவ்விக்கொண்டது. குரங்கோ, வெள்ளத்தில் பாதி முழுகி நின்ற மூங்கில் ஒன்றைக் கண்டதும் யாரிடமும் சொல்லாமல் அதில் தாவிவிட்டது.

இப்போது எழுத வேறு யாரும் இல்லை.

அவசரமாக எழுதினால் வரிசை தப்பும். மெதுவாக எழுதினால் பிள்ளை போய்விடும். முயல் கண்ணை மூடிக்கொண்டு, மணலில் எழுதியது போலவே எழுதியது. நடுவில் ஒன்று. இடப்புறம் இறங்கி அடியோடு ஒன்று. வலப்புறம் ஒன்று.

ஆமை நின்றது.

“மலையா? முதலிலேயே சொல்லியிருக்கக் கூடாதா!” என்று முணுமுணுத்துக்கொண்டே திரும்பியது.

முயலையும் நான்கு குட்டிகளையும் மலையடியில் இறக்கிவிட்டு, ஆமை மறுபடியும் மேட்டுக்குப் போனது. முள்ளெலிகள் இரண்டும் அணில்கள் மூன்றும் கழுத்தளவுத் தண்ணீரில் காத்திருந்தன. மூத்த முள்ளெலி நடுக்கோட்டை முதலில் போட்டது. ஐந்தும் வந்து சேர்ந்தன.

“என்னையும் கூட்டிப்போங்கள்!” என்று குரங்கு அலறியது. வெள்ளத்தின் இரைச்சலில் அது அரைகுறையாகவே கேட்டது.

முயல் ஆமையின் முதுகில் நதி என்று எழுதிப் பார்த்தது. ஆமை தலையாட்டி மறுத்தது. “நதி இறங்கட்டும். இரண்டு நடை நீந்திக் களைத்துவிட்டேன், இனி இன்றைக்கு முடியாது.”

முயல் குட்டிகளை எண்ணியது. பிறகு எல்லோரையும் எண்ணியது. மலையில் பத்து. மூங்கில் நுனியில் மீதி ஒன்று.

நீதி: முடிவு சரியாக வந்தால் போதும் என்று முறையைத் தவறவிட்டால், முடிவு வருமுன் கேடு வந்துவிடும்.