கண்ணாடிக் குழியும் தேத்தாங்கொட்டையும்

"எருமை குளிச்ச தண்ணியை என் பிள்ளை குடிக்கணுமா?"

நவமணி என்ற புள்ளிமான் குட்டைக் கரையில் நின்று கேட்டாள். நேற்றும் இதையேதான் கேட்டாள். முந்தாநாளும் இதேதான். ஒரு எழுத்து மாறாது.

"எருமை குளிச்ச தண்ணியை என் பிள்ளை குடிக்கணுமா?"

குட்டைக்குள் கழுத்துவரை கிடந்த எருமை காத்தாயி, அசைபோட்டதை விழுங்கிவிட்டுத்தான் பதில் சொன்னாள். அவளுக்கு எதிலும் அவசரம் கிடையாது.

"யாரும்மா குடிக்கச் சொன்னா? நான் வந்து உன் பிள்ளை வாயில ஊத்தினேனா?"

"காலையில இறங்கினா சாயந்திரம்தான் ஏறுற. தண்ணி கரைச்சு வச்ச புளி மாதிரி ஆயிடுது. நாலு பேர் புழங்கற இடம்னு ஒரு நினைப்பு வேண்டாம்?"

"மேலே சேறு இல்லேன்னா எனக்குத் தோல் வெடிச்சுடும். உனக்கென்ன, ஒல்லி உடம்பு, ஒரு புதர் நிழல் போதும்."

"அதுக்குன்னு எங்க தலையில சேறா?"

இருவருக்கும் நடுவில் நவமணியின் குட்டி பொட்டு நின்றிருந்தது. அதற்குத் தாகம். அதைத்தான் யாரும் கேட்கவில்லை.

"வாடா, நாம நம்ம இடத்துக்குப் போவோம்" என்று நவமணி மூக்கைத் தூக்கிக்கொண்டு கிளம்பினாள். பொட்டு பின்னாலேயே ஓடியது.

அந்த 'நம்ம இடம்' காட்டின் கிழக்கு ஓரத்தில் இருந்தது. முன்பு அங்கே மனிதர்கள் கொட்டகை போட்டு, லாரி பேட்டரிகளை உடைத்து, உள்ளே இருக்கும் ஈயத்தை உருக்கிக்கொண்டிருந்தார்கள். பிறகு ஒருநாள் கொட்டகையைப் பிரித்து ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். மிச்சம் மீதியைக் கொட்டிய குழியை மட்டும் விட்டுவிட்டுப் போனார்கள். மனிதர்கள் எப்போதுமே அப்படித்தான், விருந்து முடிந்ததும் எச்சில் இலையை யாராவது எடுப்பார்கள் என்ற நம்பிக்கை. மழை பெய்தது. குழி நிரம்பியது.

தண்ணீர் என்றால் அப்படி ஒரு தண்ணீர்! அடியில் கிடக்கும் கூழாங்கல் ஒவ்வொன்றும் தெரியும். பாசி கிடையாது. தவளை கிடையாது. ஒரு கொசுப்புழு கிடையாது.

"ஒரு புழு பூச்சி உண்டா பாருங்க" என்று நவமணி வருவோர் போவோரிடம் பெருமைப்பட்டுக்கொள்வாள். அதற்குக் கண்ணாடிக் குழி என்று பெயர் வைத்ததும் அவள்தான். சட்டங்களும் அவளே போட்டாள். வரிசையில் நின்று குடிக்க வேண்டும். உறிஞ்சும் சத்தம் வரக் கூடாது. குளம்பில் சேற்றோடு வருகிறவர்கள் புல்லில் துடைத்துவிட்டு வர வேண்டும். கண்ணாடிக் குழியில் குடிக்கிறேன் என்று சொல்லிக்கொள்வதே காட்டில் ஒரு கௌரவம் ஆகிப்போனது.

மந்தி அம்சவேணிக்கு அதிலும் திருப்தி இல்லை. அவள் மலையடிவாரத்திலிருந்து தேத்தாங்கொட்டை பறித்து வந்தாள். கலங்கல் தண்ணீரில் அந்தக் கொட்டையை உரசி விட்டால் சேறெல்லாம் அடியில் போய்ப் படிந்து, தண்ணீர் தெளிந்துவிடும். ஊருக்கே தெரிந்த வித்தை. அதை அவள் குழியின் ஓரத்துக் கல்லில் உரசி உரசி விட்டாள்.

"இதுதான் ஏற்கெனவே தெளிஞ்சு இருக்கே, அம்சவேணி?" என்றது ஒரு முயல்.

"இருந்தா என்ன? சுத்தத்துக்கு மேல சுத்தம். கெட்டா போகும்?" என்றாள் அம்சவேணி.

அந்தப் பக்கமே எட்டிப் பார்க்காத ஆள் ஒருவன்தான். கொக்கு நெட்டையன். சாப்பாட்டு ராமன். பொழுது விடிந்தால் காத்தாயியின் முதுகில் ஏறுவான், பொழுது சாய்ந்தால் இறங்குவான். "அவனுக்கு நாகரிகம் தெரியாது, சகதியிலேயே நின்னு பழகிட்டான்" என்று நவமணி முடிவு கட்டிவிட்டாள்.

கோடை வந்தது. கண்ணாடிக் குழி கொஞ்சம் கொஞ்சமாக வற்றியது. அதில் ஒரு லேசான இனிப்பு முன்பே உண்டு. இப்போது அந்த இனிப்பு கூடியது.

"சுண்டச் சுண்ட ருசி" என்றாள் நவமணி.

பாயசம் சுண்டினால் ருசி. தண்ணீர் சுண்டினால் அதில் இருக்கிற வேண்டாதது எல்லாம் ஒன்றுசேர்ந்துவிட்டது என்று அர்த்தம். ஆனால் அதை யார் யோசித்தார்கள்?

பொட்டு மெலிந்தது. மேய்ச்சலில் பாதிப் புல்லை வாயில் வைத்துக்கொண்டே மறந்து நின்றது. வயிற்றைச் சுருட்டிக்கொண்டு படுத்தது. ஈறு வெளுத்தது. தினமும் வரும் வழியில் இடப்பக்கம் திரும்ப வேண்டிய இடத்தில் வலப்பக்கம் திரும்பி, முள்ளுப் புதரில் போய் முட்டிக்கொண்டது.

"கண்ணுபட்டுடுச்சு" என்றாள் நவமணி. "அந்த எருமை முறைச்சுப் பார்த்துக்கிட்டே கிடக்குறா. பட்டிருக்கும்."

"பல் முளைக்குதோ என்னமோ" என்றாள் அம்சவேணி.

"அப்பன் மாதிரி மந்தம். அவர் இப்படித்தான், நாலு தடவை கூப்பிட்டாத்தான் திரும்பிப் பார்ப்பார்" என்றாள் நவமணி.

ஆக, எருமையின் கண்ணைக் குற்றம் சொன்னார்கள், பல்லைக் குற்றம் சொன்னார்கள், வாய் திறந்து பேச அங்கே இல்லாத அப்பனையும் குற்றம் சொன்னார்கள். தண்ணீரை மட்டும் யாரும் சொல்லவில்லை. அதுதான் பளபளவென்று இருக்கிறதே! நவமணிக்கே அடிவயிற்றில் பிடிப்பு, மூட்டில் வலி. அதை வயசு என்று சொல்லிக்கொண்டாள். பிள்ளைக்கு உடம்பு சரியில்லை என்பதால் இன்னும் இரண்டு வாய் கூடவே குடிக்க வைத்தாள்.

ஒருநாள் வெயில் தாழ்ந்த நேரம். கண்ணாடிக் குழிக்குப் போகும் வழி குட்டையைத் தாண்டித்தான். நவமணி முன்னால் நடந்தாள். பொட்டு பின்னால் தள்ளாடி வந்தது. மேலே மருத மரத்தில் அம்சவேணி இலை பறித்துக்கொண்டிருந்தாள்.

திடீரென்று அவள் கத்தினாள்.

"கக்! கக்! கக்!"

இந்தக் காட்டில் மந்தி இரண்டு விதமாகக் குரல் கொடுக்கும். "ஊ, ஊ" என்றால், இலை போடுகிறேன், வந்து தின்னுங்கள். "கக், கக்" என்றால், சிறுத்தை, ஓடுங்கள். கண் திறந்த குட்டிக்கும் இது தெரியும். பிறந்த வாரத்திலேயே நவமணி சொல்லிக்கொடுத்திருந்தாள். பொட்டுதான் எல்லாக் குட்டிகளுக்கும் முன்னால் கற்றுக்கொண்டது. அதைக் காடு முழுக்கச் சொல்லியும் இருந்தாள்.

நவமணி பாய்ந்தாள். நாலு தாவலில் திரும்பிப் பார்த்தாள். பொட்டு பின்னால் இல்லை.

அது மரத்தடியை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. அண்ணாந்து பார்த்து, வாயைத் திறந்து, இலைக்காகக் காத்து நின்றது.

புதருக்குள்ளிருந்து சிறுத்தை எழுந்தது.

"பொட்டு, ஓடு! ஓடுடா!"

பொட்டு அம்மாவைப் பார்த்தது. மரத்தைப் பார்த்தது. அசையவில்லை.

அப்போது குட்டை வெடித்ததுபோல் ஒரு சத்தம். எதிலும் அவசரமே இல்லாத காத்தாயி, உடம்பெல்லாம் சேறு சொட்டச் சொட்ட, கொம்பைத் தாழ்த்திக்கொண்டு வந்தாள். குட்டியின் மேல் நாலு காலையும் விரித்து நின்றாள். மூக்கிலிருந்து ஒரு சீறல். சிறுத்தை எருமையின் கொம்பைப் பார்த்தது, கொம்பின் அகலத்தைப் பார்த்தது, இன்றைக்குப் பட்டினி பரவாயில்லை என்று முடிவு செய்து திரும்பிப் போனது.

பொட்டின் முதுகெல்லாம் சேறு. நவமணி அதை நக்கித் துடைத்தாள். சேற்றை நக்குகிறோம் என்ற நினைவே அவளுக்கு வரவில்லை.

"நான் கக்குன்னுதானே கத்தினேன்?" அம்சவேணி, குழிக்கென்று வைத்திருந்த தேத்தாங்கொட்டையோடு இறங்கி வந்தாள். "தப்பாக் கத்திட்டேனா?"

"சரியாத்தான் கத்தின" என்றாள் காத்தாயி. "பிள்ளைக்குத்தான் புரியலை. நவமணி, கோபப்படாதே. இவன் என்ன சாப்பிடறான், எங்கே குடிக்கிறான்?"

"நான் வேற எங்கே குடிக்க விடுவேன்? கண்ணாடிக் குழியிலதான். இந்தக் காட்டிலேயே சுத்தமான தண்ணி."

களேபரத்தில் பறந்த நெட்டையன் அப்போதுதான் திரும்பி வந்து காத்தாயியின் முதுகில் உட்கார்ந்தான்.

"ஏன் நவமணி, நான் எவ்வளவு பெரிய தீனிக்காரன்?"

"அதைக் கேட்கவா இப்ப நேரம்?"

"பதில் சொல்லு."

"ஊருக்கே தெரியும். கல்லைக் கண்டாலும் புரட்டிப் பார்த்து, தின்ன ஏதாவது இருக்கான்னு தேடுவ."

"அப்பேர்ப்பட்ட நான் உன் கண்ணாடிக் குழியில ஒரு நாளாவது நின்னு பார்த்திருக்கியா?"

நவமணி கிழக்குப் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

"ஏன் நிக்கலை? அங்கே மீன் இல்லை, தவளை இல்லை, நத்தை இல்லை. நீ அதைச் சுத்தம்னு சொல்ற. ஒரு உசிரும் இருக்க முடியாத இடத்துக்கு எங்க கொக்கு ஜாதியில வேற பேரு. இன்னொண்ணு கேளு. அங்கே பேட்டரி உடைச்சாங்களே, அவங்க குடிக்கத் தண்ணி எங்கேருந்து வந்தது தெரியுமா? ஊர்லேருந்து கேன்ல வந்தது. பக்கத்துக் குழியில அப்பவே கொஞ்சம் தண்ணி கிடந்தும், ஒருத்தனும் அதுல வாய் கொப்பளிக்கக்கூட இல்லை. நான் மரத்து மேலேருந்து பார்த்தேன். அது ஈயம் ஊறின தண்ணி. வளர்ந்த உடம்பை மெதுவா அரிக்கும். வளர்ற உடம்புல வேகமா ஏறும். எலும்புல போய் உட்காரும், மூளையில போய் உட்காரும்."

"இதை ஏன்டா முன்னாடியே சொல்லலை?"

"நீ வரிசையில நிக்கச் சொன்ன, காலைத் துடைக்கச் சொன்ன. நான் நாகரிகம் தெரியாதவன். என் பேச்சைக் கேட்டிருப்பியா?"

நவமணிக்குக் கடைசியில் ஒரு நூல் கிடைத்தது. பிடித்துக்கொண்டாள். "தேத்தாங்கொட்டை? தினமும் உரசினோமே? அது சுத்தம் பண்ணியிருக்காதா?"

"சேத்தை அடியில உட்கார வைக்கிற கொட்டை அது" என்றாள் காத்தாயி. "தண்ணியில கரைஞ்சு போன விஷத்தை அது என்ன செய்யும்? சேறே இல்லாத தண்ணியில கொண்டுபோய் உரசினீங்க. என் குட்டையில உரசியிருந்தா எப்பவோ தெளிஞ்சிருக்கும். நானும்தான் தினமும் திட்டு வாங்கிக்கிட்டுக் கிடந்தேன். ஒரு கொட்டையை இங்கே கொண்டு வரணும்னு யாருக்காவது தோணிச்சா?"

அம்சவேணி தன் கையில் இருந்த கொட்டையைப் பார்த்தாள். குட்டையைப் பார்த்தாள். போய்க் கரையோரப் பாறைப் பள்ளத்தில் தண்ணீரை வாரி விட்டு, கொட்டையை உரசினாள். பொழுது சாய்வதற்குள் சேறு அடியில் இறங்கியது. மேலே தெளிந்த நீர் நின்றது. இவ்வளவுதான் வேலை. இதற்குத்தான் ஒரு பருவம் முழுக்கச் சண்டை.

"காத்தாயி அக்கா" என்றாள் நவமணி. அக்கா என்று அவள் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. "என் பிள்ளை இதைக் குடிக்கலாமா?"

"எருமை குளிச்ச தண்ணி. பரவாயில்லையா?"

நவமணி பொட்டை மூக்கால் தண்ணீர்ப் பக்கம் தள்ளிவிட்டாள். பொட்டு குடித்தது. உறிஞ்சும் சத்தம் பலமாகவே வந்தது. யாரும் கண்டிக்கவில்லை.

மறுநாளே கண்ணாடிக் குழியைச் சுற்றி முள்ளைப் போட்டு அடைத்தார்கள். வரிசைக்குச் சட்டம் போட்டவளே முள்ளையும் இழுத்து வந்தாள். மழைக்காலத்துக்குள் பொட்டின் ஈறு சிவந்தது. வயிற்று வலி நின்றது. ஓட்டமும் திரும்பியது. எல்லாம் திரும்பியதா என்றால், இல்லை. உள்ளே போய் உட்கார்ந்த ஈயம், நாம் வருத்தப்படுகிறோம் என்பதற்காக எழுந்து போய்விடாது.

கண்ணுக்குத் தெரியும் அழுக்கைத் தெளியவைத்துக் குடிக்கலாம். கண்ணுக்குத் தெரியாத நஞ்சை, குடிக்கும் முன்பே விசாரித்து அறிந்தால்தான் பிழைக்கலாம்.

இப்போதெல்லாம் தினமும் காலையில் நவமணி பொட்டை மருத மரத்தடிக்கு அழைத்து வருகிறாள். மேலேயிருந்து அம்சவேணி மெதுவாகக் குரல் கொடுக்கிறாள். "கக், கக்."

நவமணி குட்டியின் காதருகே குனிகிறாள்.

"மந்தி அத்தை என்ன சொல்றாங்க, கண்ணு? அம்மாவுக்கு ஒரே ஒரு தடவை சொல்லு."

பொட்டு அண்ணாந்து பார்த்து, வாயைத் திறந்து, இலைக்காகக் காத்து நிற்கிறது.