புலியாக ஆடிய முயல்

டொக்! டொக்! டொக்!

மேட்டுக்கு அடியிலிருந்த வளைக்குள் யாரோ சுவரை உதைக்கும் சத்தம். வேறு யார், துள்ளான் முயல்தான். காட்டில் நாலு நாளாக அடைமழை. தன் பொந்தில் வெள்ளம் புகுந்துவிட்டதால், முள்ளம்பன்றி ஊசாயியின் வளையில் வந்து ஒண்டியிருந்தான். தின்னக் கிழங்கு இருந்தது. படுக்கச் சருகு இருந்தது. பொழுதுதான் போகவில்லை. சும்மா கிடக்கிறவனுக்கு மழைச் சத்தம்கூடத் தன் பேரைச் சொல்லிக் கூப்பிடுவது போலிருக்கும்.

"இன்னொரு தடவை உதைச்சே, கூரை உன் தலையிலதான் விழும்!" என்றாள் ஊசாயி.

"மழை விட்டுடுச்சு அக்கா! வெளியே ஒரு எட்டு போயிட்டு வந்துடறேனே!"

துள்ளான் வாசலில் மூக்கை நீட்டினான். ஈரக் கட்டை ஒன்று குறுக்கே கிடந்தது. வெள்ளம் அடித்துக்கொண்டு வந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டான்.

அது கட்டை இல்லை. பதினைந்து நாளாகப் பட்டினி கிடக்கும் மலைப்பாம்பு! ஊசாயியின் முள்ளுக்குப் பயந்து அது உள்ளே நுழையாது. நுழைய வேண்டிய அவசியமும் இல்லை. அலுத்துப்போனால் முயல் தானாக வெளியே வரும் என்று அதற்குத் தெரியும். அசையாமல், மூச்சுக்காட்டாமல் காத்துக் கிடப்பதுதான் அதன் தொழில்.

"சேறு கொஞ்சம் காயட்டும்டா. அதுவரைக்கும் ஆடுபுலி ஆடலாம், வா!"

உதிர்ந்த முள் ஒன்றை எடுத்து ஊசாயி தரையில் கட்டம் கீறினாள். பதினைந்து குன்றிமணிகள் ஆடுகள். மூன்று கூழாங்கற்கள் புலிகள். புலி தாண்டிக் குதித்தால் ஆடு வெட்டுப்படும். ஆடுகள் சூழ்ந்து நகரவிடாமல் அடைத்துவிட்டால் புலிக்குத் தோல்வி.

"நான்தான் புலி!" என்று துள்ளான் முந்திக்கொண்டான். "பிறந்ததிலிருந்து ஓடிக்கிட்டே இருக்கேன். இன்னைக்காவது புலியா இருந்துட்டுப் போறேன்!"

உட்கார்ந்தது புலியாக. ஆடியது முயலாக. ஓர் ஆடு பக்கத்தில் வந்தால் போதும், அவன் புலி மூலையைப் பார்த்து ஓடும்.

"ஏண்டா, ஆட்டைக் கண்டு புலி ஓடுமா?"

"முறைச்சுக்கிட்டு வருதே அக்கா!"

ஊசாயி சிரித்த சிரிப்பில் முள்ளெல்லாம் சலசலத்தது. துள்ளான் தோற்றான். மறுபடி தோற்றான். ஆனால் விடவில்லை. காதை மடக்கிக்கொண்டு யோசித்தான். சுவரை உதைக்க மறந்தான். வெளியே போகவும் மறந்தான்.

மூன்றாவது ஆட்டம். ஓர் ஆடு வெட்டுக்கு வசமாக நின்றது. துள்ளானோ புலியைப் பின்னால் நகர்த்தினான்.

"வெட்டுடா மடையா! வாய்க்கு நேரா வந்து நிக்குது, விட்டுட்டு ஓடறியே!"

ஊசாயி சட்டென்று கட்டத்திலிருந்து தலையைத் தூக்கினாள்.

"நீயா பேசினே?" என்றாள் ஊசாயி.

"இல்லையே அக்கா!"

"யாரது வெளியே?"

"யாருமில்லை. கட்டைதான்," என்றது வாசலில் கிடந்தது.

துள்ளான் ஒரே பாய்ச்சலில் வளையின் கடைக்கோடிக்குப் போய்ப் பதுங்கினான். "ஐயோ! இதைத் தாண்டியா நான் போகப் பார்த்தேன்!"

ஊசாயி முதுகைத் திருப்பி, முள்ளைச் சிலிர்த்துக்கொண்டு வாசலை நோக்கிப் பின்னாலேயே நடந்தாள். "கட்டை ஐயா! நீங்களா கிளம்பறீங்களா, இல்ல நான் இப்படியே வரட்டுமா?"

"போறேன் தாயே, போறேன்! பதினைந்து நாள் பொறுமை, இந்தப் பயல் ஆடின ஆட்டத்துல போச்சு!"

கொஞ்ச தூரம் ஊர்ந்துபோய்ப் பாம்பு தலையைத் திருப்பியது. "அந்த நடுப்புலியை மட்டும் மேலே ஏத்தச் சொல்லும்மா. பார்க்கச் சகிக்கல!"

அது ஓடைக்குள் இறங்கிப் போனதை ஊசாயி கடைசிவரை நின்று பார்த்தாள். பிறகு உள்ளே வந்து, பாதி கொறித்து வைத்திருந்த கிழங்கை எடுத்துத் தோலைச் சுரண்டத் தொடங்கினாள்.

வீட்டுக்குள் இருக்கும்போது மனசுக்கு ஒரு வேலை கொடுக்கத் தெரிந்தவன், பொழுது போகவில்லை என்று ஆபத்தின் வாயில் போய் விழமாட்டான்.