யாருக்குப் பல் ஆடுது?

"நான் சொல்றதை ஒருத்தர்கூடக் கேட்க மாட்டேங்கிறாங்க, மேடம்."

சொன்னவர் தணிகாசலம். வயது நாற்பத்தாறு. போன மாதம் வரை ஒரு காப்பீட்டுக் கம்பெனியில் கிளை மேலாளர். அங்கே அவர் லேசாக இருமினால் போதும், ஆபீஸே பேச்சை நிறுத்தும்.

பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித்தர வேண்டும் என்ற ஆசை அவரை வெகுகாலமாக அரித்துக்கொண்டிருந்தது. அதற்கான படிப்பை முடித்து, வேலையை விட்டுவிட்டு, சாத்தூரில் ஒரு சின்னப் பள்ளியில் ஒன்றாம் வகுப்பு ஆசிரியராகச் சேர்ந்தார்.

இங்கேயும் இருமிப் பார்த்தார். வகுப்பே பதிலுக்கு இருமியது.

தலைமை ஆசிரியை எஸ்தர் ரூபவதி அவரைவிடப் பத்து வயது இளையவர். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் டப்பாவை மூடி வைத்துவிட்டுக் காது கொடுத்துக் கேட்டார்.

தணிகாசலம் கொட்டித் தீர்த்தார். உட்காரச் சொன்னால் பெஞ்சுக்கு அடியில் போய் உட்காருகிறார்கள். சந்தேகம் இருந்தால் கேளுங்கள் என்றால், உங்கள் காதில் ஏன் முடி முளைத்திருக்கிறது என்று கேட்கிறார்கள். பழைய ஆபீஸில் இன்னும் ஆள் போடவில்லை. வந்துவிடுங்கள் என்று காலையில்கூடப் போன் வந்தது. போய்விடலாமா என்றிருக்கிறது.

"அவங்க சொல்றதை நீங்க கேட்கிறீங்களா, சார்?"

"கேட்காம? காது கிழியுது."

"இன்னிக்கு என்ன சொன்னாங்க?"

தணிகாசலம் யோசித்தார். யார் வீட்டிலோ ஆடு குட்டி போட்டிருக்கிறது. யாருக்கோ பல் ஆடுகிறது.

"யாருக்கு?"

அவருக்குத் தெரியவில்லை.

"தெரிஞ்சுக்கிட்டு வாங்க. அப்புறம் போறதைப் பத்திப் பேசுவோம்" என்ற எஸ்தர், டப்பாவைத் திறந்து மீதிச் சாதத்தைச் சாப்பிடத் தொடங்கினார்.

இதெல்லாம் ஒரு பதிலா என்று முணுமுணுத்தபடியே அவர் வகுப்புக்குப் போனார். வகுப்பு சந்தைக்கடையாக இருந்தது. ஒருவன் மேசைமேல் நின்று பஸ் ஓட்டிக்கொண்டிருந்தான்.

"யாருக்குப் பல் ஆடுது?"

அத்தனை வாய்களும் திறந்தன. பஸ் ஓட்டியவனும் வண்டியை நிறுத்திவிட்டு வாயைத் திறந்தான்.

வாயைத் திறந்து வைத்துக்கொண்டு பேச முடியாதல்லவா? அப்படியொரு அமைதி. அந்த அறையில் மின்விசிறிக்குச் சத்தம் உண்டு என்பதே அவருக்கு அப்போதுதான் தெரிந்தது.

வேறு வழியில்லாமல் ஒவ்வொரு வாயாகக் குனிந்து பார்த்துக்கொண்டே போனார். ஆடாத பல்லையும் சிலர் விரலால் ஆட்டிக் காட்டினார்கள். ஒருவன் பல்லைக் காட்டியதோடு, குட்டி போட்டது தன் வீட்டு ஆடுதான் என்பதையும் சொல்லி வைத்தான்.

கடைசியில் கிடைத்துவிட்டது. நிலோஃபருக்குக் கீழ்வரிசை முன்பல். நாக்கு பட்டாலே ஆடியது.

வலிக்கிறதா என்று கேட்டார். இல்லையென்று தலையாட்டியவள், "இப்ப நீங்க காட்டுங்க, சார்" என்றாள்.

தணிகாசலம் திரும்பி வராந்தாவைப் பார்த்தார். யாரும் இல்லை. தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து வாயைத் திறந்தார். வகுப்பே சூழ்ந்து நின்று எட்டிப் பார்த்தது.

நிலோஃபர் பொறுமையாக ஆராய்ந்தாள்.

"உள்ளே ஒண்ணு கறுப்பா இருக்கு. பயப்படாதீங்க சார். அது விழுந்தா புதுசு முளைக்கும்."

தணிகாசலம் அந்தப் பல்லை நாக்கால் தொட்டுப் பார்த்தார்.

"முளைக்குமா?" என்றார்.

"முளைக்கும் சார்" என்றது வகுப்பு, ஒரே குரலில்.