ஒரு பிடி குறைந்த பானை

ஞானசிகாமணி சாருக்கு ஜெபிக்கத் தெரியாது என்று யாரும் சொல்லிவிட முடியாது. முப்பது வருடம் ஆசிரியர், அதில் பாதி தலைமையாசிரியர். அதே முப்பது வருடமும் கன்வென்ஷன் கூட்டங்களில் பிரசங்கம். மன்னிப்பைப் பற்றி அவர் பேசினால் பின்வரிசைக்காரர்கள்கூடக் கைக்குட்டையை எடுப்பார்கள்.

அறுபத்து மூன்று வயதில் அவர் சலோமியைத் தேடி வந்தார்.

சலோமிக்கு முப்பத்தைந்து வயது. முன்பு நர்ஸாக இருந்தவர். இப்போது ஊருக்கு வெளியே, குளத்தைத் தாண்டி, சிறியதொரு கிறிஸ்தவ ஆசிரமத்தை நடத்திவந்தார். ஆலோசனைக்கு வருகிறவர்கள் வயதைப் பார்க்காமல் அவரை 'அம்மா' என்றே கூப்பிடுவார்கள். சாருக்கு முதல் நாள் அந்தச் சொல் வாயில் வரக் கொஞ்சம் சிரமமாக இருந்தது. பிறகு வந்துவிட்டது.

"அம்மா, மூணு மாசமா ஜெபத்துல உட்கார்ந்தா உள்ளே காய்ஞ்சு கிடக்கு. வார்த்தை வருது. வேற ஒண்ணும் வரலை."

"எவ்வளவு நேரம் உட்காருவீங்க, சார்?"

"காலையில ரெண்டு மணி நேரம். மாசத்துல முதல் வெள்ளி உபவாசம். மாசம் ஒருநாள் முழு இரவு ஜெபம்."

"வீட்டுல சமையல் யாரு?"

தான் சொன்னதற்கும் இந்தக் கேள்விக்கும் என்ன சம்பந்தம் என்று சாருக்குப் புரியவில்லை.

"நான்தான். வீட்டம்மா போய் நாலு வருஷம் ஆச்சு."

"பிடியரிசி எடுக்கறீங்களா?"

அது சபைப் பெண்களின் வழக்கம். உலை வைக்கும்போது, அளந்த அரிசியைக் களைவதற்கு முன், அதிலிருந்து ஒரு பிடியை எடுத்துத் தனிக் கலயத்தில் போடுவார்கள். போடும்போது ஒருவர் பெயரைச் சொல்லி ஜெபிப்பார்கள். வாரக் கடைசியில் அந்த அரிசி இல்லாதவர்களுக்குச் சோறாகும்.

"அது பொம்பளைங்க செய்றதும்மா."

"பசி ரெண்டு பேருக்கும்தானே வருது" என்றாள், அந்தப் பக்கம் கீரை ஆய்ந்துகொண்டிருந்த செல்லக்கனி. ஆசிரமத்துச் சமையல் அவள் பொறுப்பு. யாரும் கேட்காவிட்டாலும் பதில் சொல்வது அவளாக எடுத்துக்கொண்ட பொறுப்பு.

சலோமி சொன்னார்: "ஒரு வாரம் எடுங்க, சார். ஒவ்வொரு உலைக்கும் ஒரு பிடி, ஒரு பேர். சனிக்கிழமை கொண்டு வாங்க."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

சாருக்கு ஏமாற்றமாக இருந்தது. இன்னும் கடினமாக ஏதாவது சொல்வார் என்று எதிர்பார்த்து வந்திருந்தார்.

சனிக்கிழமை துணிப்பை நிறைய அரிசியோடு வந்தார். நல்ல பொன்னி. சலோமி அதில் கை விட்டு அளைந்தார்.

"எப்ப எடுத்தீங்க?"

"வாரம் முழுக்க."

சலோமி அரிசியிலிருந்து கையை எடுக்காமல் அவரையே பார்த்தார். அந்தப் பார்வை சாருக்குப் பழக்கமானது. வீட்டுப்பாடம் செய்யாத பிள்ளைகள் முன்னால் அவரே பல வருடம் பயன்படுத்தியதுதான்.

"இன்னிக்குக் காலையில" என்றார். "தினமும் மறந்துபோச்சு. அதனால மொத்தமா அளந்துட்டேன். ரெண்டு வேளை, ஏழு நாள். பதினாலு பிடி. கூடவே ரெண்டு பிடி போட்டிருக்கேன்."

"எதுலேருந்து?"

"மூட்டையிலேருந்து."

"உங்க பானையில எந்த நாள் சோறு குறைஞ்சுது?"

"எந்த நாளும் குறையலை."

"அப்ப இது மூட்டை கொடுத்தது."

சார் விடவில்லை. "பசிச்சவனுக்கு அரிசி அரிசிதானேம்மா. மூட்டையிலேருந்து வந்தா என்ன, பானையிலேருந்து வந்தா என்ன? நியாயப்படி பார்த்தா நான் அதிகமாத்தான் கொடுத்திருக்கேன்."

"பசிச்சவனுக்கு ஒரு வித்தியாசமும் இல்லை, சார். நீங்க அவனுக்காகவா வந்தீங்க? உள்ளே காய்ஞ்சு கிடக்குன்னுல்ல வந்தீங்க?"

சலோமி அரிசியைச் செல்லக்கனியிடம் கொடுத்தார். வெறும் பையைச் சாரிடம் கொடுத்தார்.

அடுத்த சனிக்கிழமை பை நிறையவில்லை. அரிசி ஒரே மாதிரி இல்லை. பாதிக்கு மேல் பொன்னி, நடுவில் குருணை, கடைசியில் ரேஷன் அரிசி.

"புதன்கிழமையோட பொன்னி தீர்ந்துபோச்சு. செவ்வாய்க்கிழமை மதியம் ஒரு பிடி விட்டுப்போச்சு" என்றார் சார். சொல்லும்போது அவருக்கே வெட்கமாக இருந்தது.

சலோமி சிரித்தார். "பேர் சொன்னீங்களா?"

"சொன்னேன். பிஷப் ஐயா. குருவானவர். வடக்கே போன மிஷனரிமார். மழை. தேசத் தலைவர்கள். பக்கத்து வீட்டு மூட்டுவலிக்காரர்."

"பதிமூணு பிடியில நாடே அடங்கிருச்சு" என்றாள் செல்லக்கனி. "வீடு மட்டும் வெளியே நிக்குது."

சாரின் முகம் கறுத்தது.

செல்லக்கனி சொன்னது ஊருக்கே தெரிந்த விஷயம். சாருக்கு ஒரே மகள், எப்சிபா. இரண்டு வருடத்துக்கு முன் அருமைராஜ் என்பவரைக் கல்யாணம் செய்துகொண்டாள். அவரும் அதே சபை. பாடகர் குழுவில் பாடுகிறவர். சாதி மட்டும் வேறு. சார் கல்யாணத்துக்குப் போகவில்லை. அந்த வீட்டில் கை நனைக்க மாட்டேன் என்று சொன்னவர், இரண்டு வருடமாகச் சொன்னபடியே இருந்தார்.

மாதத்தின் முதல் ஞாயிறு மாமனாரும் மருமகனும் ஒரே பீடத்தின் முன் முழங்கால் போடுவார்கள். ஒரே பாத்திரத்தில் திராட்சரசம் குடிப்பார்கள். எழுந்து ஆளுக்கொரு வாசல் வழியாகப் போவார்கள். சபையில் யாருக்கும் இது விசித்திரமாகப் படவில்லை. ஞாயிறு பள்ளிப் பிள்ளைகள் கேட்டால் மட்டும், பெரியவங்க விஷயம் என்று வாயை மூடிவிடுவார்கள்.

மூன்றாவது வாரம் சார் சனிக்கிழமை வரை காத்திருக்கவில்லை. வெள்ளிக்கிழமை பகலிலேயே வந்துவிட்டார்.

"நேத்து எப்சி வந்திருந்தா. பிள்ளையோட. உள்ளே வரலை, வாசல்லயே நின்னா."

சலோமி பாயைக் காட்டினார். சார் உட்காரவில்லை.

"ஞாயித்துக்கிழமை பிள்ளைக்கு ஞானஸ்நானம். ஆராதனை முடிஞ்சு அவங்க வீட்டுல சாப்பாடு. ரெண்டுக்கும் வாங்கப்பான்னா. இந்தத் தடவையும் வரலைன்னா இனி கூப்பிட மாட்டேன்னா. அழலை. அழாம சொன்னா."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"ஜெபிச்சுட்டுச் சொல்றேன்னேன்."

வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்த செல்லக்கனியின் கை நின்றது.

சார் தொடர்ந்தார். "ராத்திரி முழுக்க யோசிச்சு ஒரு தீர்மானம் பண்ணிட்டேன். கோயிலுக்குப் போறேன். கடைசி வரிசையில உட்கார்ந்துக்கறேன். சாப்பாட்டுக்கு மட்டும் போக முடியாது. அதுக்குப் பதிலா, பிள்ளை பேருல நாற்பது நாள் உபவாசம். சாயங்காலம் வரைக்கும் பச்சைத் தண்ணி தவிர எதையும் தொடறதில்லை. திங்கட்கிழமை ஆரம்பிக்கிறேன். நீங்க ஜெபிச்சு அனுப்பி வைக்கணும்."

"பிடியரிசி இருக்கா, சார்?"

பையைக் கொடுத்தார். உள்ளே, அரிசிக்கு மேல், ஒரு கைக்குட்டை முடிச்சு தனியாக இருந்தது.

"இது?"

"நேத்து மதியம் எடுத்தது. அவ போன பிறகு. எப்சி பேரைச் சொன்னேன். மத்ததோட சேர்க்க மனசு வரலை."

"எப்சி வீட்டுக்காரர் பேரு?"

சார் ஜன்னல் பக்கம் பார்த்தார்.

"ராத்திரி உலைக்கு எடுத்தேன். சொல்லலாம்னுதான் எடுத்தேன். பேர் வரலை. கையில வச்சுக்கிட்டே நின்னேன். அப்புறம் திரும்பப் பானையிலேயே போட்டுட்டேன்."

"அதையும் சேர்த்துச் சாப்பிட்டீங்களா?"

"சாப்பிட்டேன்."

"இறங்குச்சா?"

"இல்லை."

சார் பாயில் உட்கார்ந்தார்.

"நாற்பது நாள் பட்டினி இருக்க முடியுமா, சார்?"

"முடியும். ரெண்டு தடவை இருந்திருக்கேன்."

"ஒரு நேரம் சாப்பிட முடியுமா?"

சார் தலையைக் குனிந்துகொண்டார்.

"நான் வேணும்னு செய்யலைம்மா" என்றார் கடைசியில். "எங்கப்பா அப்படி. அவங்கப்பா அப்படி. இது என் தொண்டையிலயே இருக்கு."

"மாசாமாசம் கோயில்ல ரசம் குடிக்கிறதும் அதே தொண்டைதானே சார்" என்றாள் செல்லக்கனி. இந்த முறை குரலில் கேலி இல்லை.

"அது கர்த்தருடைய பந்தி."

"ஆமா" என்றார் சலோமி. "அங்க குனிஞ்சுக்கிட்டே குடிச்சுடலாம். பக்கத்துல யாருன்னு பார்க்க வேண்டியதில்லை."

சார் நிமிர்ந்து பார்த்தார். கோபம் வருவதுபோல் இருந்தது, வரவில்லை.

சலோமி முடிச்சை அவிழ்த்தார். எப்சிபாவின் பிடியைப் பையிலிருந்த மற்ற அரிசியோடு சேர்த்தார். எல்லாவற்றையும் செல்லக்கனியின் முறத்தில் கொட்டினார். கைக்குட்டையை மடித்துச் சாரிடம் நீட்டினார்.

அவர் அதை வாங்கிக் கையிலேயே வைத்திருந்தார்.

"பந்தியில உட்கார்ந்த பிறகு இறங்கலைன்னா?" என்று கேட்டார். குரல் மெதுவாக வந்தது. "எல்லாரும் பார்த்துக்கிட்டிருப்பாங்க. எப்சி பார்த்துக்கிட்டிருப்பா."

"முழுச் சாப்பாடு வேண்டாம், சார். ஒரு பிடி போதும்."

அவர் எழுந்தார். வாசல்வரை போனார். செருப்பைப் போட்டுக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் கேட்டார்.

"பேரும் சொல்லணுமா?"

"அன்னிக்கு அவர்தான் பரிமாறுவார்" என்றார் சலோமி. "பேர் வாயில வரலைன்னா, மாப்பிள்ளைன்னு கூப்பிட்டுச் சோறு கேளுங்க."